அத்தியாயம் 6: பூட்டிய மைதானத்தைத் திறக்கும்போது

2020 ஜூன் 23 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சனிடம் ஓர் உறுப்பினர் கேட்டார்: ஊர் கிரிக்கெட்டை எப்போது ஆட விடுவீர்கள்? கிரிக்கெட் பந்து இயல்பாகவே நோயைச் சுமந்து செல்லக்கூடியது, அதுதான் சிக்கல் என்றார் ஜான்சன். மதுக்கூடங்களைத் திறக்கக்கூட ஜூலை 4 என்று தேதி குறித்தாகிவிட்டது. புல் வெட்டிப் பிட்ச் உருட்டித் தயாராக வைத்திருந்த கிரிக்கெட் சங்கங்களுக்கோ தேதி கிடைக்கவில்லை.

பத்து நாளில் பேச்சு மாறியது. ஜூலை 3 காலை வானொலிப் பேட்டியில், பந்தைவிட ஆட்டத்தின் நடுவே வரும் தேநீரும் உடை மாற்றும் அறையுமே கவலை தருகின்றன என்றார் அவர். அன்றே, அடுத்த வாரக் கடைசியில் ஆடலாம் என்ற அறிவிப்பும் வந்தது. ஜூலை 11 அன்று ஊர் ஆட்டங்கள் தொடங்கின.

பந்திலிருந்து தேநீர் மேசைக்குப் போன அந்தக் கவனமே இந்த அத்தியாயத்தின் அடிப்படை. திறந்தவெளியில் ஆடும் ஆட்டம் தானாகப் பெரிய ஆபத்தைத் தருவதில்லை. ஆட வருவதும், ஆடியபின் கூடி நிற்பதும், நான்கு சுவருக்குள் ஆடுவதும்தான் நோயைப் பரப்புகின்றன. கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. ஆனாலும் மூச்சுவழி பரவும் அடுத்த நோய் எப்போது வந்தாலும், கபடிக் குழுவோ ஷட்டில் சங்கமோ நடத்துபவருக்கு 2020, 2021 ஆண்டுகளின் அனுபவம் கைகொடுக்கும்.

முதலில் காற்று

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சோனான் நகரில் ஜும்பா நடனப் பயிற்றுநர்களின் பயிலரங்கு ஒன்று நடந்தது. அங்கே தொற்று வாங்கிய பயிற்றுநர்கள் தங்கள் வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். சில வாரங்களுக்குள் 12 உடற்பயிற்சிக் கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்குத் தொற்று உறுதியானது. ஏறத்தாழ 60 சதுர மீட்டர் அறை, 5 முதல் 22 பேர், 50 நிமிடத் துள்ளல் ஆட்டம்: அந்த வகுப்புகள் அப்படித்தான் நடந்தன. தொற்றுள்ள பயிற்றுநர்களில் ஒருவர் ஏழெட்டுப் பேருக்கு யோகாவும் பிலாட்டீஸும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வகுப்பில் யாருக்கும் தொற்று வரவில்லை. அறையில் எத்தனை பேர், எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறார்கள் என்ற இரண்டுமே கணக்கில் வருகின்றன.

அதே ஆண்டு ஜூன் 16 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டாம்பா பகுதியில், பொழுதுபோக்கு வீரர்களின் பனி ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. உள்ளரங்கம், இரு அணிக்கும் 11 பேர் வீதம் 22 வீரர்கள், ஒரு மணி நேர ஆட்டம். ஐந்து நாளுக்குள் 14 வீரர்களுக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் நோய்க்குறிகள் தோன்றின. 13 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது. நோயைக் கொண்டுவந்தவர் எனக் கருதப்பட்டவருக்கு ஆட்டத்தன்று காய்ச்சல் இல்லை, மறுநாள்தான் வந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டியிருந்தாலும் அவர் உள்ளே போயிருப்பார்.

இங்கிலாந்தின் ரக்பி லீக் அனுபவம் இதற்கு நேர்மாறு. 2020 இல் சூப்பர் லீக் ஆட்டங்கள் நான்கில், தொற்றுள்ள எட்டு வீரர்கள் தெரியாமல் ஆடிவிட்டார்கள். அவர்களோடு மோதி உருண்டதில் 28 பேர் நெருங்கிய தொடர்பு என்று காணொளியை வைத்துக் கண்டறியப்பட்டது. பின்னர் அந்த 28 பேரில் ஒருவருக்குத்தான் தொற்று தெரிந்தது. அந்த ஆட்டங்களுக்குப் பின் வந்த தொற்றுகள் எதுவும் ஆடுகளத்தில் பரவியதாக ஆய்வாளர்கள் கருதவில்லை. சங்கத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ பரவியவை என்றே முடிவு செய்தார்கள். உடல் மோதுவதே ஆபத்து என்று அஞ்சிய ஒரு விளையாட்டில், திறந்தவெளிக் காற்று பெருமளவு காப்பாற்றியிருக்கிறது.

மூடிய அறையில் மூச்சுத் துகள்கள் ஊதுபத்திப் புகையைப் போல நின்று சேர்ந்துகொண்டே போகின்றன. ஆறடி தள்ளி நிற்பது பக்கத்திலிருந்து நேரே வரும் மூச்சைக் குறைக்கும். அறை முழுக்க நிறைந்ததைக் குறைக்காது. அதற்குக் காற்றை மாற்றியாக வேண்டும். எனவே திறக்கும் வரிசையும் காற்றைப் பொறுத்தே அமையட்டும்: முதலில் திறந்தவெளி, அடுத்து கூரை மட்டும் உள்ள கொட்டகை, கடைசியில் மூடிய அரங்கம்.

சங்கத்தின் பணம் எங்கே போகிறது என்பதையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்கலாம். 2020 இல் பல சங்கங்கள் கிருமிநாசினி தெளிப்பதற்கே நிதியைச் செலவழித்தன. தொற்றுள்ள பரப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. கை கழுவ சோப்பும் தண்ணீரும் வேண்டியதுதான். பல நோய்களுக்கு அது தடை. ஆனால் கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், அது எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கரியமில வாயு அளக்கும் சிறு கருவிக்கும் போவது நல்லது. வெளிக்காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 420 பி.பி.எம். இருக்கும். அரங்கத்துக்குள் 800ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பது கூடிவிட்டது என்று பொருள். கதவைத் திறக்க வேண்டும், அல்லது ஆளைக் குறைக்க வேண்டும்.

மூன்று படிகள்

ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2020 மே மாதம் வெளியிட்ட மீள்தொடக்கத் திட்டம், ஊர்ச் சங்கமும் பின்பற்றக்கூடிய அளவுக்கு எளிமையானது. எல்லா விளையாட்டையும் அது ஏ, பி, சி என மூன்று படிகளாகப் பிரித்தது.

ஏ படியில் தனியாகச் செய்யும் பயிற்சி மட்டும்: ஓட்டம், கயிறு தாண்டுதல், சுவரில் பந்தடித்தல். பி படியில் பத்துப் பேருக்கு மிகாத சிறு குழு. உடல் உரசல் கிடையாது. கிரிக்கெட்டில் நெட் பயிற்சி, கால்பந்தில் பாஸ் பயிற்சி இதில் அடங்கும். சி படியில் முழு அணி, மோதல், போட்டி எல்லாம் வரும். படியேறும் முடிவு விளையாட்டின் பெயரைப் பார்த்து எடுப்பதல்ல, அந்த வட்டாரத்தின் நோய் நிலவரத்தைப் பார்த்து எடுப்பது. ஏறியவர்கள் தேவைப்பட்டால் இறங்கவும் வேண்டும். மெல்பர்ன் நகரம் 2020 ஜூலையில் மீண்டும் முடக்கத்துக்குள் போய், ஆகஸ்டிலிருந்து வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே உடற்பயிற்சி என்ற நிலைக்கு வந்தது. அதே நாட்டின் வேறு மாநிலங்களில் ஊர் லீக் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன.

அந்தத் திட்டத்தின் நடைமுறை விதி ஒன்றை அப்படியே கடன் வாங்கலாம்: வா, பயிற்சி செய், கிளம்பு.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊருக்கு வேனில் பதினான்கு பேர், கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு ஒரு மணி நேரப் பயணம். மைதானத்தில் ஓவருக்கு ஓவர் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். முடிந்ததும் ஒரே அண்டாவில் மோர், ஒரே டம்ளர். பிறகு ஓட்டலில் ஒரே மேசையைச் சுற்றிப் பிரியாணி. அன்றைய நாளில் மிகக் குறைந்த ஆபத்து ஆட்டம் நடந்த அந்த மூன்று மணி நேரத்தில்தான் இருந்தது.

சங்கம் எழுதவேண்டிய விதிகளில் பாதிக்கு மேல் இந்த நேரங்களுக்கானவை.

பயணம்: முடிந்தவர்கள் பைக்கில் வரட்டும். வேன்தான் என்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும், முகக்கவசம் போடட்டும்.

உடை: வீட்டிலேயே ஜெர்சி போட்டுக்கொண்டு வரவேண்டும். இங்கிலாந்தில் கிரிக்கெட் மீண்டும் தொடங்கியபோது உடை மாற்றும் அறைகள் மூடியே இருந்தன.

தண்ணீர், உணவு: ஆளுக்கொரு பாட்டில், பெயர் எழுதியது. உணவு பொட்டலமாக, வெளியில் உட்கார்ந்து.

கூடிப் பேசுவது: டாஸுக்கு இரு கேப்டன்கள் போதும். கோச்சின் பேச்சு மைதான நடுவில், வட்டத்தை அகலமாக்கி. கத்திப் பேசுபவர் மற்றவர்களைவிட அதிகமாக மூச்சுத் துகளை வெளியேற்றுகிறார் என்பதால் கவசம் கோச்சுக்குத்தான் முதலில் தேவை. கடுமையாக ஓடியாடும்போது வீரர்கள் கவசம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2020 இல் அறிவுறுத்தியது.

ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்

கிரிக்கெட்டில் இங்கிலாந்து வாரியம் தந்த விதிகள் கைக்கு அடக்கமானவை. பந்தில் எச்சிலோ வியர்வையோ தேய்க்கக் கூடாது. ஆறு ஓவருக்கு ஒருமுறை, அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை கை சுத்தம். பந்து வீசுபவரின் தொப்பியையும் ஸ்வெட்டரையும் அம்பயர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ரன் ஓடும் இரு பேட்ஸ்மேன்களும் பிட்ச்சின் ஆளுக்கொரு பக்கமாக ஓட வேண்டும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2020 ஜூனில் தற்காலிகமாகக் கொண்டுவந்த எச்சில் தடை 2022 இல் நிரந்தரமாகிவிட்டதால், இந்த ஒன்றை இளம் வீரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷட்டில்தான் ஊர்ச் சங்கங்களுக்குத் தலைவலி. தகரக் கொட்டகை, மரத்தளம், நான்கு கோர்ட். இறகுப் பந்து காற்றில் திசை மாறும் என்பதால் ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்தித்தான் ஆடுகிறார்கள். நோய் பரவ இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆட்டத்தின் நடுவே ஜன்னலைத் திறக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும். 45 நிமிட ஸ்லாட், பிறகு 15 நிமிடம் எல்லாரும் வெளியே. அந்த நேரத்தில் எதிரெதிர்க் கதவுகள் இரண்டும் திறந்து, ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கதவுப் பக்கம் வெளிநோக்கித் திருப்பி ஓட விட வேண்டும். முதல் சில வாரங்களுக்கு ஒற்றையர் ஆட்டம் மட்டும் என்றால் தலைகள் பாதியாகும். அடுத்த ஸ்லாட்டுக்காரர்கள் பெஞ்சில் அல்ல, வாசலுக்கு வெளியே காத்திருக்கட்டும். நைலான் ஷட்டிலும் பிளாஸ்டிக் பந்தும் உள்ளவர்கள் அதிகாலையில் காற்றில்லாத நேரம் பார்த்து வெளியில் ஆடுவது இன்னும் நல்லது.

கபடியில் விதியே எதிராக நிற்கிறது. பாடிவருபவர் விடாமல் ஒலி எழுப்பியபடி எதிரணியின் முகத்துக்கு மிக அருகே போகிறார். பிடிபட்டால் ஐந்தாறு பேர் மேலே விழுகிறார்கள். தொழில்முறைக் கபடி இதைக் குமிழி முறையில் சமாளித்தது. 2020 இல் புரோ கபடி லீக் நடக்கவில்லை. எட்டாம் பருவம் 2021 டிசம்பர் 22 அன்று பெங்களூரில் தொடங்கியது. பன்னிரண்டு அணிகளையும் ஒரே இடத்தில் தங்கவைத்து, பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். ஊர்க் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு முடிவது வேறு: உள்ளரங்க விரிப்பை விட்டுவிட்டு மண் களத்துக்குத் திரும்புவது, பாடிப் போகும் பயிற்சியையும் பிடிக்கும் பயிற்சியையும் முதலில் தனித்தனியாக வைப்பது, எப்போதும் ஒரே ஏழெட்டுப் பேர் ஒன்றாகவே பயிற்சி செய்யும்படி குழுக்களைக் கலக்காமல் வைத்திருப்பது. ஒருவருக்கு நோய் வந்தால் அந்த ஏழெட்டுப் பேர் வீட்டில் இருந்தால் போதும். முப்பது பேர் அல்ல.

கூட்டம்

மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மே 17 அன்று விளையாட்டு வளாகங்களைத் திறக்க அனுமதித்தபோது, பார்வையாளர் கூடாது என்ற ஒரே வரியையும் சேர்த்திருந்தது. மைதானத்துக்குள் இருபது பேர், வேலியைச் சுற்றி இருநூறு பேர் என்பதுதான் நம் ஊர் போட்டிகளின் இயல்பு.

மதுரையின் ஜல்லிக்கட்டு இதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு. 2021 பொங்கலுக்குத் தமிழக அரசு மாடுபிடி வீரர்களை 300 பேராக வரம்பிட்டு, பார்வையாளரைப் பாதியாக்கி, தொற்றில்லாச் சான்றைக் கட்டாயமாக்கியது. 2022 இல் ஒமிக்ரான் அலை எழுந்த நேரத்தில் விதி இறுகியது: பார்வையாளர் 150 பேர் அல்லது இருக்கையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது, காளையோடு உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டும், இரண்டு தவணைத் தடுப்பூசியும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவும். ஜனவரி 16 ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஆட்டம் 17ஆம் தேதி திங்களன்று நடந்தது. விழாவை ரத்து செய்வது, வழக்கம்போல நடத்துவது என்ற இரண்டுக்கும் நடுவே இத்தனை திருகுகள் இருக்கின்றன. ஆள் எண்ணிக்கை, உடன்வருபவர், சான்று, தேதி என ஒவ்வொன்றையும் தனியாகத் தளர்த்தலாம், இறுக்கலாம்.

சிறுவர் பயிற்சியில் இது பெற்றோரைப் பற்றியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போவது, ஒருவர் மட்டும் வருவது, பயிற்சி முடியும் நேரத்துக்கு முன்பே வாசலில் கூடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால் தினமும் வாக்குவாதம் இருக்காது.

திரும்பி வரும் உடம்பு

மாதக்கணக்கில் சும்மா இருந்தவர் முதல் நாளே முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கால்பந்து 2011 இல் பார்த்தது. அது நோயால் அல்ல, தொழில் தகராறில் நான்கு மாதத்துக்கும் மேல் நீடித்த கதவடைப்பு. முடிந்து பயிற்சி முகாம் தொடங்கிய முதல் 12 நாளில் 10 வீரர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த 17 நாளில் இன்னும் இருவருக்கு. உலகின் தலைசிறந்த உடற்பயிற்சி நிபுணர்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இது நடந்தது.

அமெரிக்கப் பயிற்றுநர் அமைப்புகள் 2019 இல் சேர்ந்து தந்த கணக்கு ஊர் அணிக்கும் ஒத்துவரும். நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் வாரம் வழக்கமான பயிற்சியில் 50 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும். இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10. வேகப்பந்து வீச்சாளர் வழக்கமாக எட்டு ஓவர் போடுபவர் என்றால் முதல் வாரம் நான்கு ஓவரோடு நிறுத்த வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் திறந்தால் வெயிலும் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்கு உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால் முதல் பதினைந்து நாள் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

நோய் வந்து மீண்டவருக்கு வேறு அட்டவணை. 2020 இல் பிரிட்டன் விளையாட்டு மருத்துவர்கள் வகுத்த முறையில், முதலில் குறைந்தது 10 நாள் ஓய்வு. அதில் கடைசி 7 நாள் நோய்க்குறி எதுவும் இருக்கக் கூடாது. பிறகு 15 நிமிட நடை அல்லது மெதுவான சைக்கிள், இதயத் துடிப்பு உச்ச அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல். அடுத்து 30, 45, 60 நிமிடம் என்று ஏறி, எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 17 நாளுக்குப் பிறகே போட்டி. தடுப்பூசி பரவலான பின் இந்தக் கால அளவு சுருங்கியது. படிப்படியாக ஏறும் வரிசை மாறவில்லை. துடிப்பு அளக்கும் வாட்ச் இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: நடந்தபடியே மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

கோவிட் இதயத்தைத் தாக்கும் என்ற அச்சத்தால், அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளில் தொற்று வந்து மீண்ட 789 வீரர்களைச் சோதித்தார்கள். ஐந்து பேருக்கு மட்டுமே இதய அழற்சி தெரிந்தது. அரிதானதுதான், ஆனால் அந்த ஐந்து பேரையும் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். மீண்டு வந்தவருக்கு நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், முன்பு இல்லாத இளைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தத் தீர்ப்பை கேப்டனிடம் விடக் கூடாது.

அனுமதி, பதிவேடு, நிறுத்தும் முடிவு

2004 இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், சனிக்கிழமைதோறும் நடக்கும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம். 2020 மார்ச்சில் நின்ற அந்த ஓட்டம் இங்கிலாந்தில் மீண்டும் 2021 ஜூலை 24 அன்றுதான் தொடங்கியது. திறந்தவெளி விளையாட்டுக்கு அரசு மார்ச் 29 அன்றே வழிவிட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு பூங்காவின் உரிமையாளரும் தனித்தனியாக ஒப்புதல் தரவேண்டியிருந்ததால் அறிவித்த தேதி தள்ளிப்போனது. பள்ளி மைதானத்திலோ கோயில் இடத்திலோ ஊராட்சித் திடலிலோ ஆடும் சங்கங்கள் இட உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வாங்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் பெயர், கைபேசி எண், வந்த நேரம், எந்தக் குழு என்ற நான்கும் போதும். இங்கிலாந்தில் இதை 21 நாள் வைத்திருந்து பிறகு அழிக்கச் சொன்னார்கள். அதே கால அளவு இங்கும் சரிப்படும். வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு நோய் என்று பெயர் போட்டு எழுதுவதை முதல் கூட்டத்திலேயே தடை செய்துவிட வேண்டும். பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

எப்போது நிறுத்துவது என்பதைத் திறக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒரே குழுவில் ஒரு வாரத்துக்குள் இருவருக்கு நோய் என்றால் அந்தக் குழுவுக்கு விடுமுறை. இரண்டு குழுக்களில் என்றால் ஒரு படி கீழே. மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு அறிவித்தால் அன்றே பூட்டு. இந்த முடிவை எடுக்க மூவரை நியமிக்கலாம், அவர்களில் போட்டியை நடத்துபவர் இருக்கக் கூடாது. பந்தலுக்கும் கோப்பைக்கும் முன்பணம் கொடுத்தவருக்கு இருமல் சத்தம் காதில் விழாது.

கடைசியாக நுழைவுக் கட்டணம். அணிக்கு ஆயிரம் ரூபாய், திருப்பித் தரப்படாது என்று நோட்டீஸில் அச்சடித்துவிட்டால், காய்ச்சலோடு இருக்கும் ஆட்டக்காரரும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நோயால் விலகும் அணிக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும், ஆட்டத்தன்று காலை ஏழு மணி வரை சொன்னால் போதும் என்ற இரண்டு வரிகளை நோட்டீஸின் மேல்பகுதியிலேயே, பரிசுத் தொகைக்கு அடுத்து, அதே அளவு எழுத்தில் போடலாம். அந்தத் தொகைக்கான ஒதுக்கீட்டைப் போட்டியின் வரவுசெலவில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.